43 சுரங்களும் ஒரு தச்சுப் பட்டறையும்

ஹாரி பார்ட்ச் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் இசையைக் கேட்பதற்கு முன்பே அவருடைய கருவிகளை நான் படத்தில் பார்த்துவிட்டேன். உயரமான மரச்சட்டம் ஒன்றிலிருந்து, குடத்தைக் குறுக்கே பிளந்தது போன்ற கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நம் ஜலதரங்கத்தை யாரோ கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெர்க்கிலியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கதிரியக்க ஆய்வகம் வேண்டாமென்று கழித்த பெரிய கண்ணாடிக் குடுவைகளை வாங்கி, அவற்றின் அடிப்பாகத்தையும் மேற்பாகத்தையும் அறுத்தெடுத்து அந்தக் கிண்ணங்களை அவர் செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டம், பதவி, வாத்தியக் குழு என்று போகவேண்டிய ஓர் இசையமைப்பாளர் ஏன் ஆய்வகத்தின் கழிவுப் பொருட்களுக்கு நடுவே போய் நின்றார் என்ற கேள்வி என்னைச் சில மாதங்கள் விடாமல் பிடித்துக்கொண்டது. இந்தப் பதிவு அதிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கேள்விக்கான விடை ஓர் அரை சென்டிமீட்டரில் இருக்கிறது. அதை என் கையாலேயே அளந்து பார்த்தேன். வீட்டில் கிடந்த பழைய பலகை ஒன்றில் இரண்டு ஆணிகளை அறைந்து, இடையில் 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு வீணைத் தந்தி ஒன்றை இழுத்துக் கட்டினேன். முதல் தந்தி முறுக்கும்போதே அறுந்து விரலைப் பதம் பார்த்தது, இரண்டாவது நின்றது. தந்தியை ஐந்து சம பங்காக்கி, ஒரு பங்கை விட்டு நான்கு பங்கை மீட்டினால், அதாவது 72 சென்டிமீட்டரில் அழுத்தினால், அந்தர காந்தாரம் பிறக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலேயே கேட்கும் சுயம்பு காந்தாரம் இதுவேதான். பியானோவின் காந்தாரம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 71.4 சென்டிமீட்டரில் அழுத்த வேண்டும். ஸ்தாயியை, அதாவது ஒரு சட்ஜமத்திலிருந்து அடுத்த சட்ஜமம் வரையிலான தூரத்தை, 12 சமத் துண்டுகளாக வெட்டிவிட்டால் எந்தச் சுரத்தையும் ஆதார சட்ஜமமாக வைத்து வாசிக்கலாம் என்ற வசதிக்காக, ஒவ்வொரு சுரத்தையும் அதன் இயற்கையான இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வைத்த ஏற்பாடு அது. பஞ்சமத்தில் அந்த நகர்வு காதுக்கு எட்டாத அளவு சிறியது. காந்தாரத்தில் தெளிவாகக் கேட்கிறது. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகள் ஒதுக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்தச் சம வெட்டும் ஒன்று. ஆகவே நமக்கு இது புதிய வழக்கு அல்ல.

பார்ட்ச் இந்த வழக்கை 22 வயதில், அதுவும் தனியாகத் தொடுத்தார். அவர் பிறந்தது 1901 ஜூன் 24 அன்று, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில். பெற்றோர் இருவரும் சீனாவில் கிறித்தவ ஊழியம் செய்து திரும்பியவர்கள். தாயார் சீனப் பாடல்களைப் பாடிக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். அரிசோனாவில் பென்சன் என்ற ரயில்வே ஊரிலும், பிறகு நியூ மெக்சிகோவிலும் இளமைப் பருவம் கழிந்தது. மௌனப்படங்களுக்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்திருக்கிறார். கல்லூரியில் இசை படிக்கப் போய், பிடிக்காமல் விலகினார். 1923-இல் சாக்ரமென்டோ நூலகத்தில், ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வைப் பற்றி எழுதிய பெரும் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் கையில் சிக்கியது. தான் அதுவரை பழகியிருந்த பியானோவின் சுரங்கள் எல்லாம் ஓர் உடன்படிக்கையின் விளைவு, இயற்கையின் விதி அல்ல என்று அந்த நூல் அவருக்குச் சொன்னது. 1930-இல் நியூ ஆர்லியன்ஸில், சுமார் 14 ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த தன் இசைப் பிரதிகள் அனைத்தையும் ஓர் இரும்பு அடுப்பில் போட்டு எரித்தார். இளமையின் வீறாப்பு என்று இதை எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் அதன்பிறகு ஒருபோதும் பழைய முறைக்குத் திரும்பவில்லை என்பதால், வீறாப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காந்தாரத்தோடு அவர் நிற்கவுமில்லை. தந்தியை ஐந்தாகப் பிரிக்கலாம் என்றால் ஏழாகவும் பதினொன்றாகவும் ஏன் பிரிக்கக்கூடாது என்று கேட்டார். என் பலகையில் பதினொரு பங்காக்கி எட்டுப் பங்கை மீட்டிப் பார்த்தேன். 65.45 சென்டிமீட்டரில், சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறக்குறைய நட்டநடுவே ஒரு சுரம் பேசியது. முதலில் அபசுரம் என்றுதான் காது சொன்னது. கீழே சட்ஜமத்தை விடாமல் ஒலிக்கவிட்டுக் கேட்டபோது, அதற்கும் ஓர் இருப்பிடம் உண்டு என்று மெல்ல ஒப்புக்கொண்டது. இப்படி 11 வரையிலான எண்களின் விகிதங்களை ஒரு வைர வடிவக் கட்டத்தில் அடுக்கினால் ஸ்தாயிக்கு 29 சுரங்கள் கிடைக்கும். இடையில் விழும் பெரிய இடைவெளிகளை மேலும் 14 சுரங்களால் நிரப்பி, 43 என்ற எண்ணிக்கைக்கு அவர் வந்து சேர்ந்தார். அந்த எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை.

மந்திரம் இல்லாவிட்டாலும் சிக்கல் நிறைய இருந்தது. 43 சுரங்களை வாசிக்க உலகில் எந்த வாத்தியமும் இல்லை. பழைய ஹார்மோனிய வகைக் காற்றுப்பெட்டியின் நாக்குகளை மாற்றிச் சுருதி சேர்த்து, கட்டைகளுக்கு வண்ணம் பூசி விகிதங்களை எழுதி, குரோமலோடியன் என்று பெயரிட்டார். அதில் ஒரு ஸ்தாயியை ஏற, சாதாரணக் கட்டைப் பலகையில் மூன்றரை ஸ்தாயி போகும் தூரத்துக்குக் கை போக வேண்டும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் உடலில், அதைவிடப் பெரிய செல்லோவின் நீண்ட கழுத்தைப் பொருத்தி, சுர இடங்களைச் சிறு ஆணிகளால் குறித்து, அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசித்துக்கொண்டே சீனக் கவி லீ போவின் கவிதைகளை ஓதினார். பாடினார் என்று சொல்லாமல் ஓதினார் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மனிதக் குரல் பேசும்போது இயல்பாக ஏறி இறங்கும் நுண்ணிய படிகளைப் பியானோவின் 12 சுரங்களால் பிடிக்க முடியாது என்பதுதான் இத்தனை சுரங்களை அவர் தேடிப் போனதற்கு மூலகாரணம். பேச்சை இசையாக்க வேண்டும், அதே சமயம் பேச்சு பேச்சாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினார். இயல், இசை, நாடகம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பு இல்லை. ஆனால் இசையைத் தூய ஒலியாக மட்டும் கேட்கப் பழகியிருந்த மேற்கத்திய அரங்குக்கு இது எரிச்சலூட்டியது. உடலோடு பிணைந்த இசை என்று அவர் தன் வழியை வகுத்துக்கொண்டார். சம்பிரதாயமான கச்சேரி உடை அணிந்து, அசையாமல் அமர்ந்து, தாளைப் பார்த்து வாசிப்பவர்களின் இசைக்கு அது நேர் எதிர் என்றார். அந்த எதிர்ப்பில் அவர் கொஞ்சம் மிகையாகவே பேசியிருக்கிறார். பல நூற்றாண்டுகளின் ஐரோப்பிய இசையை ஒரே கையால் தள்ளிவிடும் அவருடைய எழுத்தைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பு ஏற்படுவதை மறைக்க வேண்டியதில்லை.

1934-இல் கார்னகி அறக்கட்டளை 1,500 டாலர் நல்கை அளித்தது. அதைக்கொண்டு லண்டன் சென்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பழைய சுருதி முறைகளைப் படித்தார்; டப்ளினில் கவிஞர் யேட்ஸைச் சந்தித்தார். சோபாக்ளிஸின் ஈடிபஸ் மன்னன் நாடகத்தை யேட்ஸ் ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தார். அதை இசைநாடகமாக்க வேண்டுமென்பது பார்ட்ச்சின் ஆசை. யேட்ஸும் ஊக்கம் தந்தார், தம் வரிகளை வாசித்தும் காட்டினார். அந்தக் குரலின் ஏற்ற இறக்கங்களைப் பார்ட்ச் கூர்ந்து கவனித்துக்கொண்டார். 1935-இல் அமெரிக்கா திரும்பியபோது நாடு பெருமந்தத்தில் இருந்தது, நல்கை தீர்ந்திருந்தது. அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் பெரும் பகுதியைச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டும், நாடோடி முகாம்களில் உறங்கியும், கிடைத்த கூலி வேலைகளைச் செய்தும், சில காலம் அச்சுப் பிழை திருத்தியும் கழித்தார்.

அவர் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் திரிந்த இந்தக் காலம்தான் என் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த படைப்புகளுக்கு விதை. 1940-இல் கலிபோர்னியாவின் பார்ஸ்டோ என்ற ஊருக்கு அருகில், வழிப்போக்கர்கள் வண்டிக்காகக் காத்து நிற்கும் நெடுஞ்சாலைக் கைப்பிடிக் கம்பியில் எழுதப்பட்டிருந்த கிறுக்கல்களைக் கண்டார். ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தன் பெயர், உயரம், முடி நிறம் எல்லாவற்றையும் எழுதி, இன்று ஜனவரி 26, குளிரில் விறைக்கிறேன், பாஸ்டனில் இருக்கும் வீட்டுக்குப் போகிறேன், மணி மாலை நான்கு, பசிக்கிறது, காசில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது, ஆனாலும் இன்று நான் ஆண்மகன் என்று முடித்திருந்தான். அதே வயதுப் பெண் ஒருத்தி லாஸ் வேகாஸ் முகவரியைக் கொடுத்து, நோக்கம் திருமணம் என்று குறித்திருந்தாள். இப்படி எட்டுக் கிறுக்கல்களை எடுத்து 1941-இல் ‘பார்ஸ்டோ’ என்ற படைப்பை அமைத்தார். ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தவில்லை. பையன் மணியைச் சொல்லுமிடத்தில் குரல் சற்றே சரிகிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவர் நேரம் சொல்லும்போது சரிவதுபோல, அவ்வளவுதான். அந்தச் சரிவை எழுத்தில் பிடிப்பதற்குத்தான் அத்தனை சுரங்களும் தேவைப்பட்டன என்று அதைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. 1941-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோ வரை, பெரும்பாலும் சரக்கு ரயிலில், தான் போன பயணத்தை ‘யு.எஸ். ஹைபால்’ என்ற பெயரில் 1943-இல் இசையாக்கினார். நிலையங்களின் பெயர்கள், நாடோடிகளின் துண்டுப் பேச்சு, சுவர் எழுத்துகள், வண்டியின் தடதடப்பு ஆகியவை மட்டும்தான் அதன் உரை. அந்த ஆண்டே கூகன்ஹைம் நல்கை கிடைத்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் கச்சேரி நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் இடமளித்தது. அவருடைய கோட்பாட்டு நூலை 1949-இல் வெளியிட்டதும் அந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகம்தான்.

ஈடிபஸ் மேடையேற 1952 ஆயிற்று. ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் அது நடந்தபோது யேட்ஸ் காலமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒலிப்பதிவு செய்து வெளியிட அனுமதி கேட்டபோது கவிஞரின் உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். சொற்களின் ஏற்ற இறக்கத்திலிருந்தே இசையைக் கட்டிய ஒருவரிடம், இசை இருக்கட்டும், சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? பார்ட்ச் தானே புதிய உரை ஒன்றை எழுதி, 1954-இல் மொத்தப் படைப்பையும் திருத்தியமைத்தார். சாசலீட்டோ ஊரில், போர்க்காலத்தில் கப்பல் கட்டிய இடத்தில், ஐந்தாம் வாசல் என்ற பெயர்ப்பலகைக்கு அருகில் அவருடைய பட்டறை இருந்தது. அந்த வாசலின் பெயரையே சூட்டி இசைத்தட்டுகளைத் தானே வெளியிட்டு, தபாலில் விற்றார்.

இசைநாடகம் என்றவுடன் நமக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபும், மேடையோரத்தில் அமர்ந்து பாட்டுக்கு எடுத்துக்கொடுக்கும் ஹார்மோனியக்காரரும் நினைவுக்கு வருவார்கள். மேற்கத்திய ஓபராவிலோ வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்துக்குள் மறைந்திருப்பார்கள். பார்ட்ச் இந்த இரண்டு வழக்கங்களையும் புரட்டிப்போட்டார். அவருடைய நாடகங்களில் கருவிகள்தாம் அரங்க அமைப்பு. தனியாகத் திரையோ கட்டடமோ தேவையில்லை. பழைய கிரேக்க யாழை ஒத்த ஆளுயரக் கித்தாராவை வாசிப்பவர் படியேறி நின்று கை வீச வேண்டும். மரப்பலகைகளை அடித்து வாசிக்கும் எரோய்க்கா மரிம்பாவின் கனத்த பலகைகளில் மிகக் கீழான சுரத்தைத் தருவது வினாடிக்கு 22 முறை அதிர்வது. பியானோவின் கடைசிக் கட்டையையும் தாண்டிய ஆழம் அது. காதில் கேட்பதைவிட அடிவயிற்றில் உணர்வதே அதிகம். பூ என்று பெயரிட்ட கருவி மூங்கில் குழாய்களால் ஆனது. போரின் கொள்ளைப்பொருள் என்ற பெயருடைய கருவியில் பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகள் தொங்கின. சாராயப் புட்டிகளையும் ஓக் மரத் துண்டுகளையும் கார் சக்கர மூடிகளையும் சேர்த்த ஒன்றுக்கு, நொதித்தல், மரம் ஆகிய இரண்டுக்குமான கிரேக்கச் சொற்களை ஒட்டி சைமோ-சைல் என்று பெயர் வைத்தார். உள்ளீடு அகற்றிய மின்விளக்குகளால் செய்த மரிம்பாவின் ஒலியைக் காப்பி கொதிக்கும் ஓசைக்கு அவரே ஒப்பிட்டிருக்கிறார். வாசிப்பவர்கள் வாசித்தால் மட்டும் போதாது. வேடமணிந்து, நடந்து, பாடி, கத்தி, சீழ்க்கையடித்து, தரையை மிதிக்கவும் வேண்டும். கருவியின் முன்னே உடலை எப்படி நிறுத்த வேண்டும் என்பதில் அவர் நட்டுவனார்போலக் கண்டிப்புக் காட்டினார்.

1957-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மேடையேறிய ‘மயக்குண்டவர்கள்’, வழிதவறிய இசைக்கலைஞர்கள் சிலரையும் ஒரு கிழச் சூனியக்காரியையும் சுற்றி வரும் அங்கத நடன நாடகம். தோற்றுப்போன கூடைப்பந்துக் குழு குளியலறையில் காணும் காட்சிகள் என்பது அதில் ஒரு காட்சியின் பொருள். நடனத்தை அமைத்த ஆல்வின் நிக்கோலாய்ஸுக்கும் பார்ட்ச்சுக்கும் இடையே கடும் பிணக்கு மூண்டது. தன் இசைக்கு மேல் இன்னொருவர் தனிக் கலையொன்றை ஒட்டவைப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1961-இல் அரங்கேறிய அடுத்த பெரிய நாடகத்தில், யூரிப்பிடீஸின் கிரேக்கக் கதையையும், ஒரு சிறிய அமெரிக்க ஊரின் நீதிமன்றப் பூங்காவில் ஹாலிவுட் பாடகன் ஒருவனைக் கூட்டம் வழிபடும் காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பின்னினார். அந்தக் கிரேக்கக் கதையில் வரும் கடவுளையும் இந்தப் பாடகனையும் ஒரே நடிகர் ஏற்றார். நட்சத்திரங்களுக்குப் பாலபிஷேகம் செய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த நாடகத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆனால் நான் மீண்டும் மீண்டும் போவது 1969 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் மேடையேறிய ‘சீற்றத்தின் மாயை’ நாடகத்திடம்தான். அப்போது அவருக்கு 67 வயது. முதற்பாதி ஜப்பானிய நோ நாடகத்தைத் தழுவியது. போரில் ஒருவனைக் கொன்றவன் பிராயச்சித்தம் தேடிக் கோவிலுக்கு வருகிறான். கொல்லப்பட்டவனின் ஆவி வருகிறது. தந்தையின் முகத்தை ஒருமுறையேனும் காண அவன் மகனும் வருகிறான். சினந்து எழும் ஆவி, கடைசியில் கொன்றவனிடமே தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்கிறது. இரண்டாம் பாதி ஆப்பிரிக்க நாட்டார் கதை, முழுக்க நகைச்சுவை. அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருக்கும் செவிட்டு நாடோடியிடம், தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடிவரும் கிழவி வழி கேட்கிறாள். ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாமல் சண்டை மூள, ஊரார் இருவரையும் நீதிபதியிடம் இழுத்துப் போகிறார்கள். அவருக்கும் காது கேட்காது, பார்வையும் மங்கல். கிழவியையும் குட்டியையும் உற்றுப் பார்த்துவிட்டு, இளைஞனே, உன் அழகிய இளம் மனைவியையும் அருமைக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று தீர்ப்பளிக்கிறார். இந்த இரண்டு பாதிகளிலும் சொற்கள் மிகமிகக் குறைவு. பேச்சின் ஒவ்வொரு அசைவையும் பிடிப்பதற்காக ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர், கடைசியில் செவிடர்களின் கதையில் வந்து நின்று, சொற்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. இரண்டாம் பாதியின் ஆப்பிரிக்கா, நேரில் அறிந்த இடமல்ல, ஏட்டில் படித்த இடம் என்பதையும் சொல்ல வேண்டும். முதற்பாதியின் அடக்கம் அதில் இல்லை.

இத்தனையையும் எங்கே வைத்துச் செய்தார் என்பது தனிக்கதை. கலிபோர்னியாவின் குவலாலாவில் ஒரு கொல்லன் பட்டறை, பெட்டலூமாவில் கைவிடப்பட்ட கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் டன் கணக்கில் மரமும் கண்ணாடியும் லாரியில் ஏற வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் தந்திகள் தளர்ந்திருக்கும், ஏதேனும் ஒரு கிண்ணம் விரிசல் கண்டிருக்கும். கிண்ணம் உடைந்தால் அந்தச் சுரமும் போயிற்று. புதிய குடுவையை அறுத்தாலும் அதே சுரம் அதில் பேசும் என்ற உறுதி கிடையாது. தான் கருவி செய்பவன் அல்ல, தச்சு வேலையின் மயக்கத்தில் விழுந்துவிட்ட தத்துவ இசைக்காரன் என்று அவர் தன்னைப் பற்றிச் சொன்னதில் நகைச்சுவையும் இருக்கிறது, முதுகுவலியும் இருக்கிறது. பணம் படைத்த புரவலர் என்று சொல்லத்தக்க பெட்டி ஃப்ரீமன் அவருக்கு வாய்த்தது 1964-க்குப் பிறகுதான். கொலம்பியா நிறுவனம் அவருடைய இசைத்தட்டைக் கொண்டுவந்தது 1969-இல். 1974 செப்டம்பர் 3 அன்று சான் டியேகோவில் காலமானார்.

அவர் போனபின் இசைக்கு என்ன ஆகும் என்பதும் அந்த மரக்கூட்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அவர் வகுத்த குறியீடு வேறு. சில கருவிகளின் பிரதியில் இருப்பது சுரமல்ல, எந்தக் கட்டையை அல்லது எந்தத் தந்தியைத் தொட வேண்டும் என்ற எண். ஆகவே கருவி பக்கத்தில் இல்லாமல் பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வயலின்காரரோ பியானோக்காரரோ எதுவும் செய்ய முடியாது. கீர்த்தனையைப் போல ஒரு சீடரின் தொண்டையில் ஏறிக் கடல் கடக்கவும் முடியாது. நெடுங்காலம் உடனிருந்த டான்லீ மிட்செல் கருவிகளைக் காத்தார். 1990-இல் அவை டீன் டிரம்மண்டின் குழுவிடம் வந்து, பிறகு நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் பல்கலைக்கழகத்தில் தங்கின. 2014-இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு இடம் பெயர்ந்தன. அதற்கு ஓராண்டு முன்பு ஜெர்மனியின் ரூர் கலை விழாவில் ஹைனர் கோபல்ஸ் ‘சீற்றத்தின் மாயை’யை மேடையேற்ற விரும்பியபோது, கொலோன் நகரின் மூசிக்ஃபாப்ரிக் குழு மூலக் கருவிகளை இரவல் கேட்கவில்லை, முழுத் தொகுதியையும் புதிதாகச் செய்துகொண்டது. குழுவினர் புதிய கருவிகளில் முதலிலிருந்து பயிற்சி எடுத்தார்கள். வயலினோ குழலோ வாசித்துப் பேர் பெற்றவர்கள் அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களின் முன்னே கொட்டுக்கோலுடன் நிற்பதைக் காணொளியில் பார்த்தேன். கிண்ணத்தின் விளிம்பை அடிக்கும் முன் ஒவ்வொருவருடைய கையும் ஒரு கணம் தயங்குகிறது.